டென்னிஸ் சோறு போடுமா?

பென்னலூர்ல எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு அண்ணா இருக்கார். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவர் பொண்ணுக்கு 12 வயசு. மூணு வருஷமா டென்னிஸ் ஆடுது. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் மழை, தண்ணி, ஹைவேஸ்ல லாரி நிக்கிற தொல்லைன்னு பேசிட்டு, எழுந்திருக்கும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, நீங்க ராத்திரி முழிச்சு டென்னிஸ் பாக்குற ஆளு. மறைக்காம சொல்லுங்க. இது சோறு போடுமா?"

"நல்லா ஆடுறாளேண்ணா, பாக்கலாம்"னு மழுப்பி அனுப்பிட்டேன். ஆனா கேள்வி போகல. யோசிச்சுப் பார்த்தா, மெட்ராஸ்காரங்க அளவுக்கு இந்தக் கேள்விக்கு விதவிதமா பதில் சொல்லிப் பார்த்தவங்க இந்தியாவுலயே கிடையாது. அதைத்தான் இங்கே எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ வாங்கிட்டு வந்து உட்காருங்க :-)

முதல் ஆள் ராமநாதன் கிருஷ்ணன். 1937ல நாகர்கோவில்ல பிறந்தவர். அப்பா டி.கே.ராமநாதனே நல்ல ஆட்டக்காரர். பையனுக்கு முதல் வாத்தியாரும் அவர்தான். லயோலா கல்லூரியில நடக்கிற பெர்ட்ராம் போட்டி அப்போ கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமானது. 1951ல பள்ளிக்கூடப் பையனா அனுமதி வாங்கி உள்ளே போய் அதை ஜெயிச்சுட்டு வந்தார். 1954ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம். ஃபைனல்ல அவர்கிட்ட தோத்த ஆஷ்லி கூப்பர், நாலு வருஷம் கழிச்சு பெரியவங்களுக்கான விம்பிள்டன் பட்டத்தையே வாங்கினவர். ஆசியாவிலிருந்து அந்த ஜூனியர் பட்டம் வாங்கின முதல் ஆள் கிருஷ்ணன்தான்.

இவர்கிட்ட பயமுறுத்துற சர்வீஸ் எல்லாம் கிடையாது. பந்தை அடிக்கிறதை விட, அதுக்குப் போக வேண்டிய இடத்தைச் சொல்லி அனுப்புற மாதிரி ஆடுவார்னு அந்தக் கால ரசிகர்கள் சொல்வாங்க. நான் பார்த்ததெல்லாம் மங்கலான கறுப்பு வெள்ளைத் துண்டுப் படங்கள்தான். அதுலயே கொஞ்சம் தெரியுது.

இப்போ கதைக்கு முக்கியமான இடம். அந்தக் காலத்து டென்னிஸ் ரெண்டு சாதியா பிரிஞ்சு கிடந்தது. அமெச்சூர்னா விம்பிள்டன் ஆடலாம், டேவிஸ் கோப்பை ஆடலாம், பரிசுப்பணம் கிடையாது. வழிச்செலவு, தங்கும் செலவு, மேசைக்கு அடியில கொஞ்சம் சில்லறை, அவ்வளவுதான். காசுக்கு ஆடணும்னா ஜாக் கிரேமர்னு ஒரு அமெரிக்கர் நடத்தின குழுவுல சேரணும். சர்க்கஸ் கம்பெனி மாதிரி ஊர் ஊரா போய் ஆடுற கூட்டம். அதுல சேர்ந்த மறுநாளே விம்பிள்டன் கதவு மூடிடும். நாட்டுக்காகவும் ஆட முடியாது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் விம்பிள்டனுக்கு வெளியே இருந்த காலம் அது. இன்னிக்கு நினைச்சா பைத்தியக்காரத்தனமா இருக்கு.

1959ல கிருஷ்ணன் லண்டன் குயின்ஸ் கிளப் பட்டத்தை ஜெயிச்சார். அதே வருஷம் கிரேமர் அவருக்கு ஒரு ஆஃபர் கொடுத்தார். மூணு வருஷத்துக்கு 1,50,000 டாலர், உத்தரவாதத் தொகை. அன்னிக்கு டாலர் 4 ரூபா 76 காசு. அப்போ ஏழு லட்சத்துக்கும் மேல. ஒப்பிட்டுப் பார்க்க ரெண்டு கணக்கு சொல்றேன். 1957ல லூ ஹோட் அந்தக் குழுவுல சேர வாங்கின உத்தரவாதம் 1,25,000. 1962ல நாலு கிராண்ட்ஸ்லாமையும் ஒரே வருஷத்துல ஜெயிச்சுட்டு ராட் லேவர் தொழில்முறைக்கு மாறினப்போ கிடைச்ச உத்தரவாதம் 1,10,000. ரெண்டு பேரை விடவும் நம்மாளுக்கு அதிகம் பேசியிருக்காங்க.

கிருஷ்ணன் வேண்டாம்னுட்டார்.

இந்த இடத்துல என் ஆபீஸ் நண்பன் ஒருத்தன் தலையில அடிச்சுக்கிட்டான். நாமெல்லாம் முப்பது பர்சென்ட் ஹைக்குக்கு நோட்டீஸ் பீரியடை எப்படிக் குறைக்கிறதுன்னு அலையுற ஜாதி. அவன் அடிச்சுக்கிட்டதுல தப்பில்லை. ஆனா வேண்டாம்னு சொன்னதால அவருக்கு என்ன கிடைச்சதுன்னும் பார்க்கணும். 1960 விம்பிள்டன்ல செமி ஃபைனல். அந்த வருஷ சாம்பியன் நீல் ஃப்ரேசர்கிட்ட தோல்வி. 1961ல காலிறுதியில ராய் எமர்சனை நேர் செட்டுகளில் வீழ்த்தி மறுபடி செமி ஃபைனல். இந்தத் தடவை லேவர். 1962ல நாலாவது சீடு, கணுக்கால் காயத்தால பாதியில விலகல். ஒற்றையர்ல ஒரு இந்தியர் விம்பிள்டன்ல அந்த அளவுக்குப் போனது அதுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்புறம் 1966. கல்கத்தா சவுத் கிளப், டேவிஸ் கோப்பையில பிரேசிலுக்கு எதிரா. ரெண்டுக்கு ரெண்டு. கடைசி ஆட்டம் கிருஷ்ணன், எதிர்ல தோமாஸ் கோக். ஒண்ணுக்கு ரெண்டுன்னு செட் பின்தங்கி, நாலாவது செட்ல 2-5. கதை முடிஞ்சதுன்னு நினைச்ச இடத்துல இருந்து அந்த செட்டை 7-5, அடுத்ததை 6-2. இந்தியா முதல் தடவையா டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குப் போனது இப்படித்தான். மெல்போர்ன்ல ஆஸ்திரேலியா 4-1னு ஜெயிச்சது. அந்த ஒண்ணு, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப் - ரோச் ஜோடியைத் தோற்கடிச்சது. அந்த ஜோடியை யாருன்னு தெரியாதவங்களுக்கு: இரட்டையர் ஆட்டத்துல அந்தக் காலத்து அம்பயர் தீர்ப்பு மாதிரி. மறுபேச்சு கிடையாது.

1968ல தான் சாதி ஒழிஞ்சு எல்லாரும் ஒண்ணா ஆடலாம்னு ஆச்சு. முதல் ஓப்பன் விம்பிள்டன்ல லேவர் வாங்கின பரிசு 2,000 பவுண்டு. 2025ல ஆண்கள் சாம்பியனுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. 1968ல கிருஷ்ணனுக்கு வயசு 31. பஸ் வந்தப்போ அவர் ஸ்டாப்பைத் தாண்டிப் போயாச்சு.

பிற்காலத்துல அவர் சென்னையில கேஸ் ஏஜென்சி நடத்தினார். அண்ணா கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் வேணும்னா இதுதான். விம்பிள்டன் செமி ஃபைனல் ரெண்டு தடவை ஆடினவர் வீட்டுல சோறு வெந்தது டென்னிஸ்ல இல்லை, சிலிண்டர்ல!

அடுத்து அமிர்தராஜ் வீடு. ஆனந்த், விஜய், அசோக், மூணு பசங்க. நடுவுல இருக்கிற விஜய் சின்ன வயசுல அடிக்கடி ஆஸ்பத்திரியில கிடந்த பையன். உடம்பு தேறட்டும்னுதான் கையில ராக்கெட். அம்மா மேகி, பேக்கிங் பெட்டி செய்யுற தொழிற்சாலை நடத்தினவங்க. இந்திய டென்னிஸ் வரலாறு எழுதுறவங்க அந்தப் பெட்டிக் கம்பெனிக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கணும்னு நான் நினைக்கிறேன். மூணு பசங்களை டென்னிஸ் ஆட விடுறதுக்கு அன்னிக்கு எந்த சங்கமும் படியளக்கல. கிருஷ்ணன் வீட்ல அப்பாவே கோச், அமிர்தராஜ் வீட்ல அம்மாவே ஸ்பான்சர். நம்ம ஊர் டென்னிஸ்ல எப்பவும் முதல்ல வீடுதான் சோறு போட்டிருக்கு.

விஜய் காலத்துல டென்னிஸ் காசு கொடுக்க ஆரம்பிச்சாச்சு. 1973 விம்பிள்டன் காலிறுதியில சாம்பியனான யான் கோடெஷ்கிட்ட அஞ்சாவது செட்ல 7-5னு தோத்தார். அது 81 வீரர்கள் புறக்கணிச்ச விம்பிள்டன். அதனால சும்மா கிடைச்ச காலிறுதின்னு சிலர் சொல்வாங்க. அதே வருஷம் அமெரிக்க ஓப்பன்ல லேவரைத் தோற்கடிச்சதை அவங்க வசதியா மறந்துடுவாங்க. அடுத்த வருஷம் அங்கேயே போர்க்.

இப்போ 1974. நான் இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே பாதி இதுக்காகத்தான்.

மே மாசம் கல்கத்தாவுல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா டேவிஸ் கோப்பை. அந்தக் காலத்துல டேவிஸ் கோப்பையில டை-பிரேக்கர் கிடையாது, ரெண்டு கேம் வித்தியாசம் வர்ற வரைக்கும் ஆடிக்கிட்டே இருக்கணும். ஆனந்தும் விஜயும் சேர்ந்து ஆடின இரட்டையர் ஸ்கோரைப் பாருங்க: 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. மொத்தம் 99 கேம். கல்கத்தாவுல, மே மாச வெயில்ல! அஞ்சு ஆட்டமும் சேர்த்து 327 கேம். டேவிஸ் கோப்பை வரலாற்றுலயே ஒரு மோதல்ல அத்தனை கேம் ஆடினது கிடையாது. இந்தியா 3-2. அப்புறம் பூனாவுல சோவியத் யூனியனையும் ஜெயிச்சு, ஃபைனல்.

எதிர்ல வந்து நின்னது தென்னாப்பிரிக்கா.

நிறவெறிக் கொள்கைக்காக 1970ல வெளியே தள்ளப்பட்டு, 1973ல மறுபடி உள்ளே விடப்பட்ட அணி. இந்தியாவோ 1946லயே தென்னாப்பிரிக்காவோட வர்த்தகத்தை முறிச்சு, ஐ.நா.வுலயும் பிரச்சினையைக் கிளப்பின நாடு. ஆட மாட்டோம்னு இந்தியா விலகிடுச்சு. ஒரு பந்துகூட அடிக்காம கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போச்சு. அதுவரைக்கும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா தவிர யாருக்கும் கிடைக்காத கோப்பை.

இதை டெல்லி எடுத்த வெளியுறவு முடிவுன்னு மட்டும் பார்த்தா நமக்கு ஒட்டாது. 1860ல 'ட்ரூரோ'ன்னு ஒரு கப்பல் மெட்ராஸ்ல இருந்து கிளம்பி நவம்பர் 16ல டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். அதுல நிறைய பேர் வட ஆற்காடு, செங்கல்பட்டுன்னு நம்ம பக்கத்து சனங்கதான். எங்க ஊர் அந்தக் காலத்து செங்கல்பட்டு ஜில்லா. அவங்க பேரப்பிள்ளைகள்தான் 1974ல டர்பன்ல தனித் தெரு, தனிப் பள்ளிக்கூடம், தனி மைதானம்னு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தாங்க. அவங்க ஆட முடியாத கோர்ட்டுல போய் கோப்பைக்காக ஆடுறதான்னு கேட்டா, எனக்கு அந்த முடிவு சரின்னுதான் படுது.

ஆனா ஒண்ணு. கிருஷ்ணன் 1959ல வேண்டாம்னு சொன்னது அவரோட சொந்த முடிவு. 1974ல வேண்டாம்னு சொன்னது நாடும் சங்கமும். விலை கொடுத்தது 99 கேம் ஆடின கால்கள். விஜய்க்கு அப்போ வயசு 20. அந்த முடிவு சரிதான்னு அவரே பின்னாளில் பேட்டிகள்ல சொல்லியிருக்கார், கோப்பை நழுவின வருத்தத்தையும் மறைச்சதில்லை. ரெண்டும் ஒரே மனுஷனுக்குள்ள இருக்கலாம். இருந்தே ஆகணும்.

நீதிக்காக நாடு ஒரு ஆட்டத்தை விட்டுக் கொடுத்தா, ஆட்டக்காரனுக்கு ஈடா என்ன கொடுக்கணும்? இதுக்கு யாரும் இன்னிவரைக்கும் ஃபார்முலா எழுதல.

13 வருஷம் கழிச்சு இதுக்கு எதிர்ப்பக்கக் காட்சி ஒண்ணு நடந்துச்சு. 1987. முதல் சுற்று டெல்லியில அர்ஜென்டினா. 33 வயசு விஜய், மேட்ச் பாயின்ட் வரைக்கும் போய் மீண்டு வந்து மார்ட்டின் ஹைத்தேவை வீழ்த்தினார். அடுத்தது இஸ்ரேல், அதுவும் டெல்லியில. இஸ்ரேலோட அப்போ நமக்கு முழுத் தூதரக உறவு கிடையாது, அது 1992லதான் வந்தது. மறுபடியும் விலகல்தானான்னு எல்லாரும் பார்க்க, ராஜீவ் காந்தி அரசு ஆட விட்டது. இந்தியா 4-0. அப்புறம் சிட்னி புல்தரையில ஆஸ்திரேலியா. கடைசி ஆட்டத்துல வாலி மசூரைத் தோற்கடிச்சவர் ரமேஷ் கிருஷ்ணன், அதே கிருஷ்ணனோட மகன், 1979ல அப்பா மாதிரியே விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினவர். ஃபைனல் ஸ்வீடன்ல, 0-5. ஆடித் தோத்தாங்க. ஆனந்த், விஜய், ரமேஷ், மூணு பேரும் மெட்ராஸ். அந்த ஆட்டத்துக்கு அனுமதி கொடுத்த பிரதமரோட நினைவிடத்தைத்தான் நான் பஸ்ல தினமும் தாண்டிப் போறேன். ஸ்ரீபெரும்புதூர்னா அவர் இறந்த ஊர்னு மட்டும்தான் உலகத்துக்குத் தெரியும். எனக்கு அந்த இடத்தைப் பார்க்கும்போது சில நாள் டேவிஸ் கோப்பையும் ஞாபகம் வரும். விசித்திரம்தான்.

சரி, என் காலத்துக்கு வரேன். 1995 தெற்காசிய விளையாட்டுக்காக நுங்கம்பாக்கத்துல ஸ்டேடியம் கட்டினாங்க. 1996ல டெல்லியில ஆரம்பிச்ச ஏடிபி போட்டி, அடுத்த வருஷமே இங்கே குடிவந்துச்சு. கோல்டு பிளேக் ஓப்பன், டாட்டா ஓப்பன், சென்னை ஓப்பன்னு பேர் மாறினாலும் 21 வருஷம் இங்கேதான். ராஃப்டர், மோயா, சிலிச், வாவ்ரிங்கான்னு வந்து ஜெயிச்சுட்டுப் போனாங்க. 2008 செமி ஃபைனல்ல நடால் மோயாவோட கிட்டத்தட்ட 4 மணி நேரம் போராடி ஜெயிச்சுட்டு, மறுநாள் யூஷ்னிகிட்ட 6-0, 6-1னு சுருண்டதை டிவியில பார்த்த ஸ்கூல் பையன் நான். 2009ல வைல்டு கார்டுல நுழைஞ்ச சோம்தேவ் ஃபைனல் வரைக்கும் போனப்போதான் நமக்கும் ஆளு இருக்குன்னு தோணுச்சு.

நேர்ல போனது 2017 ஜனவரியில. பென்னலூர்லயே இஞ்சினியரிங் படிச்சுட்டு இருந்தேன். எங்க காலேஜ்ல ஒரு சிமென்ட் கோர்ட் உண்டு. வலை பாதி நாள் இருக்காது, விழான்னா அங்கேதான் பந்தல். ரூம்மேட்டும் நானும் பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொண்ணு. வார்தா புயல் அடிச்சு கிட்டத்தட்ட நாலு வாரம். சென்னை முழுக்க மரம் வெட்டின இடம் மொட்டையா கிடந்தது. ஒற்றையர் ஃபைனல்ல பாவ்டிஸ்டா அகுட், எதிர்ல ஒல்லியா, உயரமா, கோணல்மாணலா அடிக்கிற 20 வயசு ரஷ்யப் பையன். "இவன் தேறமாட்டான்டா"ன்னேன். பையன் பேர் மெட்வடேவ். 2021ல அமெரிக்க ஓப்பன், 2022ல உலக நம்பர் ஒன். என் தீர்க்கதரிசனம் அந்த லட்சணம். அண்ணா என்கிட்ட போய் கேட்டாரே :-)

ஆனா அன்னிக்கு கூரை அதிர்ந்தது இரட்டையருக்குத்தான். நாலு பேரும் இந்தியர்கள். ஜெயிச்ச ஜோடி போபண்ணாவும் நம்ம சென்னைப் பையன் ஜீவன் நெடுஞ்செழியனும். அதுதான் ஆண்களுக்கான சென்னை ஓப்பன்ல கடைசி வருஷம்னு எங்க யாருக்கும் தெரியாது. 2018ல போட்டி புனேவுக்குப் போச்சு; 2023க்கு அப்புறம் அங்கேயும் இல்லை. நுங்கம்பாக்கத்துல 2022லயும் 2025லயும் பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டி நடந்துச்சு, அது ஒரு ஆறுதல்.

21 வருஷத்துல உள்ளூர்க்காரங்களுக்கு என்ன மிஞ்சுச்சுன்னு கேட்டா, கணக்கு கொஞ்சம் கசக்கும். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், முழங்கால் காயத்துல வருஷக்கணக்கா வீணாப்போய், 2019ல நாலு கிராண்ட்ஸ்லாம் மெயின் டிராவுலயும் ஆடினார். 75வது ரேங்க் வரைக்கும் போனார். அந்த வருஷ ஆஸ்திரேலிய ஓப்பன்ல முதல் சுற்றுல தோத்தாலே 75,000 ஆஸ்திரேலிய டாலர், நம்ம காசுல கிட்டத்தட்ட 38 லட்சம். அதே 2019ல அடிமட்டத்துல இருக்கிற 15,000 டாலர் போட்டி ஒண்ணுல சாம்பியனுக்கே 2,160 டாலர்தான். முதல் சுற்றுல தோத்தவனுக்கு 156. ஃப்ளைட், ரூம், சாப்பாடு, ஸ்ட்ரிங் எல்லாம் அதுக்குள்ள! ஒரே விளையாட்டு, ஒரே வருஷம். நடுவுல இருக்கிற படிக்கட்டு எல்லாத்தையும் ஏறுறவனோட வீடுதான் கட்டணும்.

பொண்ணுங்க கதை இன்னும் கஷ்டம். கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பன்ல ஒரு சுற்று ஜெயிச்சப்போ, ஓப்பன் காலத்துல கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர்ல ஜெயிச்ச முதல் இந்தியப் பெண் அவங்கதான். அதே ஊர் மாயா ராஜேஸ்வரன் 2025ல 15 வயசுல மும்பை போட்டியில செமி ஃபைனல் வரைக்கும் போனாங்க.

போன ஞாயிறு இதை எல்லாம் மனசுல வச்சுக்கிட்டு அண்ணா வீட்டுக்குப் போனேன். கிரேமர் ஆஃபர், பெட்டிக் கம்பெனி, 156 டாலர், எல்லாத்தையும் சொன்னேன். அவர் கணக்கு வேற தினுசு, எல்லாமே ஓ.டி. தான். ஒரு டப்பா பந்துக்கு இத்தனை மணி நேரம், ஸ்ட்ரிங் போட இத்தனை, வெளியூர் போட்டின்னா ரெண்டு முழு நாள். மனசுக்குள்ளயே கூட்டிட்டு இருந்தார்.

"சோறு போடாதுண்ணா. நாமதான் அதுக்குப் போடணும், ரொம்ப நாளைக்கு"ன்னேன்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார், "அந்த கேஸ் ஏஜென்சி சொன்னீங்களே, நெசமாவா?"

"நெசம்ணா."

சிரிச்சுட்டார். உள்ளே திரும்பி பொண்ணுகிட்ட, சனிக்கிழமை எத்தனை மணிக்கு மேட்சுன்னு கேட்டார். ஏழரைக்காம். பி ஷிஃப்ட்டை வேற ஒருத்தருக்கு மாத்தி விட்டுட்டாராம். "நீங்களும் வாங்க தம்பி. மூணு வருஷமா பாக்குறேன், இந்த டியூஸ் கணக்கு மட்டும் எனக்கு இன்னும் புரியல."